ஐம்பது மில்லிமீற்றரும் என் பெயரில் வந்த படமும்

போன மாதம் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்த இரண்டு பிள்ளைகள் பேசினார்கள். இரும்பு அலுமாரியை ஒதுக்கும்போது என் பழைய கமரா கிடைத்ததாம். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சின்ன லென்ஸ் அதில் பூட்டியபடி இருந்ததாம். அதே தட்டில், முழங்கை நீளத்தில், கீறல்கூட விழாத ஒரு ஸூம் லென்ஸும் இருந்ததாம். ஏன் பெரியதை விட்டுவிட்டுச் சின்னதோடேயே காலத்தைக் கழித்தீர்கள் என்று அந்தப் பெண்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கூட இருந்த தம்பி உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"சேர், உங்களுக்கு ஸூம் பாவிக்கத் தெரியாதாம். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

நான் சிரித்துச் சமாளித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. கேட்ட பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கதையை அங்கே முதலில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஸூமைப் பற்றியும் தெரியும், சின்ன லென்ஸைப் பற்றியும் தெரியும். நான் ஏன் அதை விடவில்லை என்பதும் நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்முனைக்குடிக்காரன். கல்முனை பஸாரில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் பழகினேன். அடையாள அட்டைப் படம், பாடசாலைப் பரிசளிப்பு, சம்மாந்துறைப் பக்கத்துக் கல்யாணங்கள் என்று சில வருடங்கள் போயின. பிறகு கரையோர வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் படம் எடுப்பவனாகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கடல் எங்கே மண்ணை அள்ளுகிறது, எங்கே கொண்டுவந்து போடுகிறது என்பதைப் பார்த்து மேலிடத்துக்குச் சொல்வது அதன் வேலை. நீலாவணையிலிருந்து ஒலுவில் பக்கம் வரை அந்தக் கரையில் நான் நடக்காத இடம் இல்லை.

சேர்ந்த காலத்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தவராணி மிஸ். இஞ்சினியர். பாண்டிருப்புக்காரர். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. மத்தியானச் சோற்றை நின்றபடியே சாப்பிடுவார். எந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் நல்லது என்றோ கூடாது என்றோ சொல்லமாட்டார். முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எங்க நிண்டு எடுத்தீங்க?"

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எனக்குப் பெரிய எரிச்சல். வெளிச்சத்தைப் பார்க்கமாட்டாரா, அலை எழும்பிய அழகைப் பார்க்கமாட்டாரா என்று தோன்றும். மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கடலின் அழகு அவருக்குத் தேவையில்லை. சென்ற மாதத்திலிருந்து இந்த மாதத்துக்குக் கடல் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தேவை. அதைப் படம் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒரே உயரத்தில் கமரா இருக்க வேண்டும், ஒரே லென்ஸ் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் படம் வெறும் காட்சி.

அவர் வகுத்த முறையை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒவ்வொரு கிராமத்திலும் அசையாத ஓர் இடத்தைத் தெரிவு செய்திருந்தோம். ஓரிடத்தில் பள்ளிவாசல் மதில் மூலை, ஓரிடத்தில் கோயில் படி, ஓரிடத்தில் பொதுக் கிணற்றின் சீமெந்துக் கட்டு. முக்காலியின் கால்களை ஊன்றும் இடத்தில் சிவப்புப் பெயின்றால் புள்ளி வைத்தோம். கமரா என் தோள் எலும்பின் உயரத்தில் நிற்கும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போவோம். ஒருவர் சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு அலை வந்து திரும்பும் விளிம்பில் நிற்பார். லென்ஸின் துவாரம் எட்டில் இருக்கும், கிட்ட உள்ள கயிறும் தூரத்து வள்ளமும் ஒரே தெளிவில் தெரிய வேண்டும். எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது. வானத்துக்கு நீலம் ஏற்றக் கூடாது. வேலை முடிந்ததும் லென்ஸை ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகுதான் தேத்தண்ணி.

லென்ஸ் எது என்பதிலும் மிஸ் கறாராக இருந்தார். ஸ்டுடியோவில் ஃபிலிம் கமராவில் நான் பழகிய ஐம்பது மில்லிமீற்றரையே அவரும் சொன்னார். மனிதன் ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் எவ்வளவு வெளி இருப்பதாக உணர்கிறானோ, ஏறக்குறைய அதையே அந்த லென்ஸ் காட்டும். அகல லென்ஸைப் போட்டால் காலடி மண் படம் முழுக்கப் பரந்துபோகும், கடல் எட்டத்தில் ஒரு கோடாகிவிடும். தூரத்து லென்ஸைப் போட்டால் அலை வீட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்ததுபோல் வரும். முதலாவது மேலிடத்துக்குப் பிடிக்கும், இரண்டாவது பத்திரிகைக்குப் பிடிக்கும். ஆட்களின் வீடு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும் என்பது மிஸ்ஸின் கட்சி.

ஸூமை அவர் ஒத்துக்கொள்ளாததற்கும் காரணம் இருந்தது. ஸூமில் ஐம்பது என்று நினைத்துக்கொண்டு நாற்பத்தைந்தில் எடுத்துவிடலாம். அடுத்த மாதம் வேறொருவர் வந்து அறுபதில் எடுத்துவிடலாம். நீளாத, சுருங்காத லென்ஸில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. எவர் வந்து எடுத்தாலும் அது ஐம்பதுதான்.

இடையில் சில வருடங்கள் அலுவலகம் தந்த டிஜிட்டல் கமராக்களில் சென்சர் சின்னது. அதில் ஐம்பது மில்லிமீற்றரைப் பூட்டினால் பார்வை ஒடுங்கிப்போகும். பழைய படங்களோடு ஒப்பிட முடியாமல் மிஸ் பட்ட அவதி கொஞ்சமல்ல. அதனால் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கமரா ஒன்று வாங்க அனுமதி கிடைத்தபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியைக் கண்டேன். ஃபிலிம் அளவே உள்ள சென்சர். ஐம்பது மறுபடியும் ஐம்பதாகியது. கமராவோடு ஒரு சின்ன ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸையும் கேட்டு வாங்கினார். விழாக்களுக்கென்று அந்தப் பெரிய ஸூமும் வந்தது. விழாக்களில் நான் ஸூம்தான் பாவித்தேன். தெரியாது என்று சொல்கிறவர்கள் அந்தப் படங்களை யார் எடுத்தது என்று நினைக்கிறார்களோ தெரியாது.

கரைக்கு அந்தச் சின்ன லென்ஸைப்போல் வசதியானது வேறில்லை. மாரிக் காற்றில் பெரிய லென்ஸ் பாய்மரம்போல் காற்றைப் பிடித்து முக்காலியையே ஆட்டும். நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உப்புக் காற்றையும் மண்ணையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்னதை மழை வந்தால் சட்டைக்குள் வைத்து மூடிவிடலாம். உச்சி வெயிலில் கமராவின் பின் திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் மிரர்லெஸ்ஸின் சின்னப் பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தால் படம் எப்படி விழப்போகிறது என்பது முன்னாலேயே தெரியும். ஒரு குடிசைக்குள் போனாலும் ஃபிளாஷ் இல்லாமல், கதவால் வரும் வெளிச்சத்திலேயே எடுக்கலாம். முகத்துக்கு நேரே பீரங்கியை நீட்டியதுபோல் யாரும் மிரளமாட்டார்கள்.

ஆனால் மரியாதை என்ற ஒன்று இருக்கிறதே, அது லென்ஸின் நீளத்துக்குத்தான் கிடைத்தது. பெரியவர்கள் வருகிற நாளில் நான் சின்ன லென்ஸோடு போய் நின்றால், மூடியை மட்டும் போட்டுக்கொண்டு லென்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்தீரா என்று கேட்பார்கள். ஒருமுறை துறைமுகப் பக்கம் ஒரு பிரமுகர் வந்தபோது, பாதுகாப்புக்கு நின்றவர் என்னைப் பொதுமக்களோடு தள்ளி நிறுத்திவிட்டார். அலுவலகக் கமராக்காரன் என்று சொன்னேன். என் கையைப் பார்த்துவிட்டு, போனில் எடுக்கிற ஆட்கள் அந்தப் பக்கம் நிற்கட்டும் என்றார். எங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று சிரித்தாரே தவிர, வாய் திறக்கவில்லை. அதெல்லாம் பரவாயில்லை. பின்னால் நடந்தது பரவாயில்லை என்று விடக்கூடியது அல்ல.

கிராமத்தின் பெயரைச் சொல்லவில்லை. மீன்பிடிக் குடும்பங்கள், தமிழ் ஆட்கள். கரைவலை இழுப்பவர்களும் சின்ன வள்ளக்காரர்களும். அங்கே எங்கள் புள்ளி பொதுக் கிணற்றடியில் இருந்தது. கிணற்றுக்கு அடுத்த வளவு யோகனுடையது. அவருடைய மனைவி செல்வநாயகி என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்; கண்டால் கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிவிடுவாள். நான் கிணற்றடியில் முக்காலியை ஊன்றும்போது முன்னால் வள்ளம் இழுத்துவைக்கும் இடம், வலை காயும் இடம், அதற்கப்பால் கரைவலைக்காரர்கள் வரிசையாக நிற்கும் மண், அப்புறம் கடல் என்று இருந்தது. வருடாவருடம் அது குறைந்துகொண்டே வந்தது. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கொஞ்சம் மண் திரும்பி வரும். மாரி வந்தால் வந்ததைவிடக் கூடுதலாகப் போகும். முதலில் கரைவலை இழுக்கும் இடம் போனது. பிறகு வலை காயும் இடம் போனது.

அந்தப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்து, இங்கே கல் அணை போட வேண்டும் என்று முதலில் எழுதியவர் தவராணி மிஸ்தான். எழுதி அனுப்பிய கொஞ்சக் காலத்தில் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. போகும்போது, கிணற்றடிப் படத்தை ஒரு மாதமும் விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அவருடைய இடத்துக்கு வந்தவரை இங்கே புதியவர் என்றே சொல்கிறேன். கெட்டிக்காரர். உடுப்பு, பேச்சு எல்லாம் சுத்தம். வந்த முதல் கிழமையே என் படங்களைப் பார்த்துவிட்டு, ஏன் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டார். ஒரே மாதிரி இருந்தால்தான் மாறியது தெரியும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அறிக்கை பார்க்கிற ஆட்களுக்கு அலுக்கும் என்றார்.

மேலிடம் கல் அணை பற்றி முடிவெடுக்கப் புது அறிக்கை கேட்டது. படம் எடுக்க வெளியிலிருந்து ஓர் ஆளைப் பிடித்தார்கள். கச்சான் காலம், மண் சேர்ந்திருக்கும் நேரம். அந்த ஆள் பதினாறு மில்லிமீற்றர் அகல லென்ஸைப் போட்டு, கமராவைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி எடுத்திருக்கிறார். அன்று என்னை அம்பாறைக்கு வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அறிக்கை வந்து கன நாளைக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, அதுவும் அலுவலகத்தில் அல்ல. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். எதிரே செல்வநாயகி கூடையோடு வந்தாள். வழக்கம்போல் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள்.

"நானா, எங்கட வாசல்ல நிண்டு தேத்தண்ணி குடிச்ச மனிசன் நீங்க. இப்பிடிச் செய்வீங்களெண்டு நாங்க கனவிலயும் நினைக்கல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன செய்தேன் என்று கேட்டேன். அவள் தன் மகளின் போனை எடுத்துக் காட்டினாள். அறிக்கையின் ஒரு பக்கத்தை யாரோ படம் பிடித்து கிராமத்துக்குள் அனுப்பியிருக்கிறார்கள். கடற்கரை மைதானம்போல் விரிந்து கிடந்தது. இரண்டு அணி நின்று பந்தடிக்கலாம். யோகனின் வள்ளம் நெருப்புப் பெட்டியளவில் ஒரு மூலையில் இருந்தது. கடல், தூரத்தில் நீல நூல்போல. கீழே, கரை போதிய அகலத்தில் இருப்பதால் அணை இப்போதைக்கு அவசரமில்லை என்று ஒரு வரி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: படம், மன்சூர்.

மன்சூர் நான்தான்.

என் படம் இல்லை, தங்கச்சி என்றேன். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"பேர் உங்கட பேர்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

வாங்கிய மீனை வீட்டில் கொடுத்துவிட்டு நேரே அலுவலகம் போனேன். புதியவர் தன் அறையில் இருந்தார். அறிக்கையின் அந்தப் பக்கத்தை எடுத்து முன்னால் விரித்து வைத்து, இதற்கு என் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அலுவலகப் படங்களுக்கெல்லாம் அலுவலகப் படக்காரரின் பெயர்தானே வழக்கம், அச்சுக்குக் கொடுத்தவர்கள் அப்படிப் போட்டிருப்பார்கள் என்றார். சின்ன விசயம், அடுத்த முறை அச்சிடும்போது பார்ப்போம் என்றார். பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் படம் பொய் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மன்சூர், இதுல பொய் எங்க கிடக்கு? நாங்க மண்ணக் கொண்டந்தா கொட்டின? கடல அழிச்சா விட்ட? இருக்கிறதத்தானே எடுத்திரிக்கி."

இதற்கு என்ன பதில் சொல்வது? அன்றைக்கு அறிக்கையை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். ஒரு மண்ணும் கொட்டாமல், ஓர் அலையும் அழிக்காமல் ஒரு கிராமத்தை ஏமாற்ற முடியும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அகல லென்ஸ் மேல் எனக்குப் பகை இல்லை. ஒடுங்கிய மண்டபத்தில் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு அது உயிர். ஆனால் வீட்டு வாசலுக்கும் அலைக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கிற இடத்தில், அதைக் கூட்டிக் காட்டும் லென்ஸைத் தேடி எடுத்து, மண் சேரும் பருவத்தைப் பார்த்துப் போய், முட்டுக்காலில் நின்று எடுப்பவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாதா? அதை அனுப்பியவருக்குத் தெரியாதா? தெரியும். மேலிடத்துக்கு அலுக்காத பதில் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அடியில் என் பெயரை வைத்தார்கள்.

பெயரை எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடியும் கொடுத்தேன். கிடைத்தது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போனேன். மீன் வாடிக் கொட்டிலில் இருந்த இளம் ஆட்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கிணற்றடிக்குப் போனால், சீமெந்துக் கட்டின் கடல் பக்கம் உடைந்து கிடந்தது. மாரி தொடங்கியிருந்தது. நான் பெயின்றால் வைத்த புள்ளிகளில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. யோகன் வள்ளத்தை வீட்டுச் சுவரோடு இழுத்து வைத்திருந்தார். செல்வநாயகி வாசலில் நின்றாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் படம் எது, அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது, ஏன் அப்படித் தெரிகிறது என்று கமராவையே கொடுத்து, கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு உள்ளே கூட்டிப்போய்க் குசினியைக் காட்டினாள். பின் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. வெடிப்பின் ஊடாகக் கடல் தெரிந்தது. அடுப்படி வெளிச்சத்திலேயே அதை ஒரு படம் எடுத்தேன்.

"நானா, நீங்க சொல்றத நான் நம்புறன்" என்றாள். "ஆனா அத எங்களிட்டச் சொல்லி என்ன? அவங்களிட்டச் சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். அவளுக்குத் தன் வாசல் எவ்வளவு என்று தெரியும். தெரியாதவர்கள் கொழும்பில் இருந்தார்கள்.

கிராமத்து ஆட்கள் கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, நடந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்து வைத்தது. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது. குழு வரும் நாளில் எனக்கு மறுபடியும் அம்பாறையில் வேலை போட்டார்கள். இந்த முறை எனக்கு எல்லாம் விளங்கியது. சுகவீன லீவு போடவில்லை. சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேட்டியோடு, கமராவும் சின்ன லென்ஸுமாகக் கிராமத்துக்குப் போனேன். ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. என் மனைவிக்குப் பயம். ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்களோ என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

குழுவின் தலைவர் வயதானவர். தமிழ் மெதுவாக, ஆனால் திருத்தமாகப் பேசினார். கையில் அறிக்கையை விரித்துப் பிடித்திருந்தார். புதியவர் பக்கத்தில் குடை பிடித்தபடி விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது, ஆனாலும் சமாளித்துக்கொண்டு, இவர்தான் எங்கள் படக்காரர் என்றார். தலைவர் சந்தோசமாகத் திரும்பினார். இந்தப் படம் நீங்கள் எடுத்ததுதானே, நல்ல வேலை என்றார்.

ஊர் முழுக்க நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"இல்ல சேர்" என்றேன். "பேர் என்ட பேர். படம் என்டதில்ல."

புதியவர் இடையில் புகுந்து, அது அச்சுப் பிழை என்று ஏதோ சொன்னார். தலைவர் அவரைக் கையால் நிறுத்திவிட்டு, அப்படியானால் நீங்கள் எங்கே நின்று எடுப்பீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். இரண்டு சீமெந்து வளையங்கள் சரிந்து கிடந்தன. அலை அவற்றுக்குள் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அதுதான் கிணறு. நான் நிற்கும் இடம் அதற்கும் அந்தப் பக்கம்.

அவர் அறிக்கையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். லென்ஸ், கோணம் என்று தொடங்கியிருப்பேன். செல்வநாயகி என்னைத் தாண்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, படத்த அவங்களிட்டக் குடுத்திட்டு இஞ்சால வாங்க. எங்கட குசினிக்க வந்து ஒருக்கா நில்லுங்க."

அவர் போனார். குனிந்து உள்ளே நுழைந்தார். உள்ளே எவ்வளவு நேரம் நின்றார் என்று கவனிக்கவில்லை. வெளியே வந்தபோது அவருடைய சப்பாத்து நனைந்திருந்தது. அன்றே அந்த வரியை வெட்டச் சொன்னார். அணை போட வேண்டும் என்று எழுதினார். வாடியில் இருந்த பையன்களில் ஒருவன் வந்து என் முக்காலியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரை அவனே சுமந்துவந்தான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபத்தோடு எழுதமாட்டேன்.

கல் வந்தது. மாரி முடிந்து லொறி லொறியாக வந்து கொட்டினார்கள். ஆனால் அணையின் நீளத்துக்கான வரைபடம், பிறகு எப்போதாவது போட நேர்ந்தால் என்று, அகல லென்ஸ் படம் வந்த அந்த அறிக்கையோடேயே வரையப்பட்டிருந்தது. கிராமத்தின் வடக்கு ஓரத்து வீடுகள் அதில் இல்லை, அந்தப் பக்கம் கரை அகலம் என்று முடிவு செய்திருந்தார்கள் அல்லவா. வரியை வெட்டினார்கள், வரைபடத்தைத் திருத்தவில்லை. திருத்தப் புதிய அனுமதி வேண்டுமாம். அதற்குக் காலம் பிடிக்குமாம். கல் முடிகிற இடத்தில் கடல் கூடுதலாகத் தோண்டும் என்பது இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. தவராணி மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அணை எந்த வீட்டோடு நிற்கிறது என்று கேட்டார். யோகன் வீட்டுக்கு முந்திய வளவோடு என்றேன்.

அடுத்த மாரியில் முதலில் குசினி போனது. பிறகு அறை. கூரைத் தகரத்தைக் கழற்றி எடுக்க மட்டும் அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது.

எனக்கு வெளி வேலை நிறுத்தப்பட்டது. மிச்சக் காலத்தைக் களஞ்சிய அறையில் கழித்தேன். பிரியாவிடை நாளில் கேக் வெட்டினார்கள். புதியவர் பேசும்போது, மன்சூர் புதிய தொழில்நுட்பத்தோடு ஒத்துப்போகச் சிரமப்பட்டாலும் நேர்மையான ஊழியர் என்றார். கை தட்டினார்கள். அந்த அலுவலகத்துக்கு மிரர்லெஸ் கமரா வந்த நாளிலேயே அதைக் கையில் எடுத்தவன் நான். அலுமாரியைத் திறந்த பிள்ளைகள் கேட்ட கதை அன்றுதான் பிறந்திருக்கிறது. அறிக்கையின் மூலப் பிரதியில், அந்தப் படத்தின் கீழே, என் பெயர் இப்போதும் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு முறை எழுதிவிட்டேன்.

பிள்ளைகளே, அந்தக் கமராவை மறுபடியும் கரைக்குக் கொண்டுபோங்கள். எந்த லென்ஸையும் பூட்டுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் எடுத்த படத்தோடு எங்கே நின்றோம், எதனால் எடுத்தோம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். எழுத வேண்டாம் என்று எவர் சொன்னாலும், அவர் ஏன் சொல்கிறார் என்று கேளுங்கள்.

யோகனும் செல்வநாயகியும் இப்போது கடலுக்கு எட்டத்தில், உள்ளுக்கு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். யோகன் இன்னொருவருடைய வள்ளத்தில் போகிறார். நோன்புப் பெருநாள் முடிந்து பலகாரம் கொண்டு ஒரு நாள் போயிருந்தேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மேசையில் எங்கள் அலுவலகத்து வருடக் கலண்டர் கிடந்தது. ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். அந்த மாதத்துப் படம் கல் அணை. தாழ்வாக நின்று அகல லென்ஸால் எடுத்தது. கல் சீனப் பெருஞ்சுவர்போல் நீண்டு கிடந்தது.

செல்வநாயகி அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"கல்லு எம்புட்டு நீளமாக் கிடக்கு பாருங்க நானா. இதுல எங்கட வீடு எங்க கிடந்தெண்டு ஒருக்காக் காட்டுங்க."

கல்லின் ஓரமாகவே விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போனேன். கல் முடிந்தது. படமும் முடிந்தது. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, கலண்டருக்கு வெளியே, மேசைப் பலகையில் வைத்தேன்.